பன்னீர் ரோஜாவும் ஜானகி அம்மையாரும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (தாவரவியல்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை தருமாறு துறை அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்பட்டபோது, எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் ரோஜாச் செடியைப் பற்றி எழுதலாம் என்றுதான் எண்ணினேன். எழுத உட்கார்ந்த பிறகு அந்தச் செடி என்னை வேறொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. அவர் நம் கோவையில் ஐந்தாண்டுக் காலம் வாழ்ந்து பணியாற்றிய தாவரவியல் அறிஞர் எடவலத்து கக்காட்டு ஜானகி அம்மாள். அவரைப் பற்றியே இக்கட்டுரை. என்றாலும் செடியை விட்டுவிட மனமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, பேரூர்த் தேர்த் திருவிழாவில் தள்ளுவண்டிக்காரரிடம் அம்மா ஒரு சிவப்பு ரோஜாச் செடி வாங்கினார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். கல்லூரியில் இடம் கிடைத்த மகிழ்ச்சிக்குப் புடவை வாங்க முடியாததால் செடி வாங்கினார் என்று பிறகு தெரிந்தது. அம்மா தொண்டாமுத்தூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் வெங்காயம் அறுக்கப் போகிறவர். அப்பாவுக்குப் பண்ணையத்தில் கூலி வேலை. செடி இரண்டு முறை பூத்தது; மூன்றாம் மாதம் நுனியிலிருந்து கருகத் தொடங்கி அடி வரை காய்ந்துவிட்டது. பிடுங்கி எறியப் போன என்னை அம்மிச்சி தடுத்தார். வேர் பச்சையாக இருக்கும்வரை செடியைச் செத்ததாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பது அவர் சட்டம். இருபது நாள் கழித்து மண்ணை ஒட்டி ஒரு தளிர் வந்தது. அது இடுப்பளவு வளர்ந்து பூத்தபோது பூ சிவப்பாக இல்லை. இளஞ்சிவப்பு நிறம், நெருக்கமான இதழ்கள், வாசல் முழுவதும் பன்னீர் வாசனை!

ஒரு பூவைக் கொண்டுபோய் எங்கள் ஆசிரியரிடம் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, நான் வாங்கியது ஒட்டுச் செடி என்றும், மேலே ஒட்டிய சிவப்பு ரோஜா இறந்துபோய் அடியில் இருந்த ஒட்டுக்கட்டை தன் சொந்தப் பூவைப் பூத்திருக்கிறது என்றும் விளக்கினார். அந்தக் கட்டைதான் எட்வர்டு ரோஜா. நம் ஊரார் பன்னீர் ரோஜா என்று அழைப்பதும் அதைத்தான். ரீயூனியன் என்று இப்போது வழங்கும் தீவில், சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் வேலியாக நின்ற இடத்தில் கலந்து பிறந்தது என்பது வழிவழியாக வந்த வரலாறு. ஆண்டுக்கு ஒரு முறை பூத்து ஓய்ந்துவிடும் ஐரோப்பிய ரோஜாக்களுக்கு, திரும்பத் திரும்பப் பூக்கும் குணத்தைக் கொடுத்த வழிகளில் இதுவும் ஒன்று.

அந்தக் குணம் எப்படி வந்தது என்று கேட்டேன். ரோஜாவில் பூப்பதை அடக்கி வைக்கும் மரபணு ஒன்று உண்டு. வசந்தம் முடிந்ததும் அது விழித்துக்கொண்டு, தளிர்களை இலையோடு நிறுத்திவிடும். சீன ரோஜாவில் அந்த மரபணுவின் நடுவே வேறொரு துண்டு புகுந்து அதைச் செயலிழக்கச் செய்துவிட்டது. தடை நீங்கியதால் புதிதாக வரும் ஒவ்வொரு தளிரின் நுனியிலும் மொட்டு வைக்கிறது. 2012 இல்தான் இதை ஆய்வாளர்கள் தெளிவாகக் காட்டினார்கள். ஆகவே இந்தச் செடியை வளர்ப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை, புதிய தளிர் வரச் செய்வதுதான். வாடிய பூவைக் காம்போடு மட்டும் கிள்ளாமல், கீழே ஐந்து சிற்றிலை உள்ள முதல் இலைக்குச் சற்று மேலே வெட்டிவிட வேண்டும். ஐப்பசி வாக்கில் சென்ற பருவத்துக் கிளைகளைப் பாதியாகக் கவாத்து செய்து, வெட்டுவாயில் போர்டோ பசை தடவி, தொழுவுரம் வைத்து நீர் விட்டால் ஏறக்குறைய ஆறு வாரங்களில் பூக்கும். முதல் கவாத்தின்போது நான் கத்தரியை எடுத்ததும் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். பூத்த செடியை வெட்டுவது அவருக்குப் பெரும் பாவமாகத் தோன்றியது.

இந்தப் பேச்சின் நடுவில்தான் ஆசிரியர், ரோஜாவின் குரோமோசோம்கள் ஏழின் மடங்காக, பதினான்கு, இருபத்தெட்டு என்று வருவதைச் சொல்லி, இப்படிப்பட்ட எண்களைப் பயிர்தோறும் தொகுத்த அம்மையார் ஒருவர் நம் ஊர்க் கரும்பு நிலையத்தில் வேலை பார்த்தவர் என்றார். பெயரைக் குறித்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன்.

ஜானகி அம்மாள் 1897 நவம்பர் 4 ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தின் தலைச்சேரியில் பிறந்தார். தந்தை ஈ. கே. கிருஷ்ணன் துணை நீதிபதி. செடிகொடிகளிலும் பறவைகளிலும் ஈடுபாடு கொண்டவர். வீட்டுத் தோட்டத்தைக் கண்ணும் கருத்துமாக வளர்த்தவர். பெரிய குடும்பம், உடன்பிறந்தார் பலர். வசதியான வீடு என்பதை மறைக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கவே முடியாது. ஆனால் அந்த வீட்டிலும் பெண்ணுக்கென்று ஒரே ஒரு பாதைதான் போடப்பட்டிருந்தது. சகோதரிகள் ஒவ்வொருவராக மணம் முடித்துச் சென்றார்கள். இவர் சென்னைக்கு வந்து இராணி மேரிக் கல்லூரியிலும், பின்னர் மாநிலக் கல்லூரியிலும் பயின்று 1921 இல் தாவரவியலில் சிறப்புப் பட்டம் பெற்றார். சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்றார்.

உறவினர் ஒருவருக்கு அவரை மணமுடிக்கப் பேச்சு நடந்த வேளையில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து பார்பர் உதவித்தொகை கிடைத்தது. ஆசிய நாட்டுப் பெண்கள் படிப்பதற்கென்றே நிறுவப்பட்ட உதவித்தொகை அது. அவர் மணத்தை விட்டுக் கப்பலைத் தேர்ந்தார். முதுகலைப் பட்டம் பெற்றுத் திரும்பிச் சில காலம் கற்பித்து, மீண்டும் சென்று 1931 இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். அந்தத் துறையில் அந்நாட்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே என்று கூறுவர். அங்கே அவர் உருவாக்கிய கத்தரிக்காய் வகை ஒன்றுக்கு அவர் பெயரே வழங்கியது. கத்தரிக்காயில் தொடங்கிய அறிவியல் என்று அறிந்தபோது எனக்கு அவரிடம் ஒரு நெருக்கம் உண்டாகிவிட்டது.

திருவனந்தபுரத்தில் சில காலம் பேராசிரியராக இருந்துவிட்டு, 1934 இல் கோவைக்கு வந்தார்.

கோவைக் கரும்பு இனப்பெருக்கு நிலையம் 1912 இல் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில் வட இந்தியாவில் பயிரான கரும்பு மெலிந்தது. வெளிநாடுகளின் பருத்த இனிப்புக் கரும்பு அங்கே தாங்கவில்லை. பார்பர் என்ற ஆங்கில அறிஞரும், அவருக்குப் பின் டி. எஸ். வெங்கடராமனும், ஆற்றங்கரையில் தானாக வளரும் நாணல் போன்ற காட்டுக் கரும்பை இனிப்புக் கரும்போடு கலந்தார்கள். அப்படிப் பிறந்த கோ 205 என்னும் வகை 1918 இல் உழவர் கைக்குப் போனது. கோ என்பது கோயம்புத்தூரைக் குறிப்பதே. இந்திய நாட்டின் கரும்புக் காடுகளில் எல்லாம் நம் ஊர்ப் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்பதை வீரகேரளத்தில் இருந்து வரும் என் தோழிக்கே நான்தான் சொன்னேன்!

அங்கே கலப்பினங்கள் பல உருவாகியிருந்தன. ஆனால் அவற்றின் உள்ளே நடப்பது என்ன, எந்தப் பெற்றோரிடமிருந்து எத்தனை குரோமோசோம்கள் வருகின்றன என்பதை நுண்ணோக்கியில் எண்ணிச் சொல்ல ஆள் தேவைப்பட்டது. அந்த வேலையை அம்மையார் செய்தார். காட்டுக் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்து 1936 இல் கட்டுரை வெளியிட்டார். இந்திய நாடு அந்தக் காட்டுக் கரும்பின் தாயகம் என்பதை நிலைநாட்டுவதில் அவர் ஆய்வுக்குப் பங்குண்டு. அதோடு நில்லாமல் கரும்பைச் சோளத்தோடும், மக்காச்சோளத்தோடும், தருப்பை இனத்துப் புற்களோடும் கலந்து பார்த்தார். பேரினம் விட்டுப் பேரினம் தாண்டிய கலப்பு அது. கழுதையையும் குதிரையையும் சேர்ப்பதைவிடத் தொலைவான உறவு என்று சொன்னால் நண்பர்களுக்கு விளங்கும். கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் பிறந்த செடியைப் பற்றிய செய்தி 1938 இல் வெளியாயிற்று.

குரோமோசோம் எண்ணுவது எத்தகைய வேலை என்பது, முதலாண்டுச் செய்முறை வகுப்பில் வெங்காய வேர்நுனியை நசுக்கிப் பார்த்த நம் அனைவருக்கும் தெரியும். காலையில் வேர்நுனியை வெட்டி, அமிலத்தில் இட்டு, அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றி, கண்ணாடித் துண்டை வைத்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். ஒரு மயிரளவு அழுத்தம் கூடினால் எல்லாம் கூழாகிவிடும். நான் நான்கு முறை கூழாக்கினேன். ஐந்தாம் முறை பதினாறும் பிரிந்து தெரிந்தன. அந்த வெங்காயம் அம்மா அறுத்துக் கொண்டுவந்தது. பதினாறை எண்ணவே எனக்கு ஒரு பிற்பகல் ஆயிற்று. இனிப்புக் கரும்பில் இருப்பவை எண்பது; காட்டுக் கரும்பின் சில வகைகளில் நூற்றையும் தாண்டும். இன்றைய படக்கருவி எதுவும் இல்லாமல், அவற்றை எண்ணிக் கையால் வரைந்தவர் அவர்.

1935 இல் சர் சி. வி. இராமன் நிறுவிய இந்திய அறிவியல் கழகத்தில் அவர் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவ்வளவு இருந்தும் கோவை வாழ்க்கை அவருக்கு இனிமையாக இல்லை என்று அவர் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். மணமாகாமல் தனியாக வாழ்ந்த பெண். உயர்ந்ததாக எண்ணப்படாத தீயர் சமுதாயத்தில் பிறந்தவர். ஆண்களே நிறைந்த ஆய்வுக்கூடம். இந்த மூன்றும் சேர்ந்தால் எப்படியிருக்கும் என்பதை நான் விரித்து எழுத வேண்டியதில்லை. நம்மில் பலர் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நடப்பதற்குள் அதில் கொஞ்சத்தைப் பார்த்துவிடுகிறோம்.

1939 இல் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குச் சென்றார். உலகப் போர் மூண்டது. அங்கேயே தங்கி, இலண்டனுக்கு அருகில் இருந்த ஜான் இன்னசு தோட்டக்கலை நிறுவனத்தில் 1940 முதல் 1945 வரை பணியாற்றினார். இரவில் குண்டு விழும்போது கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்வாராம். காலையில் உடைந்த கண்ணாடிச் சில்லுகளைத் துடைத்துத் தள்ளிவிட்டு வேலையைத் தொடர்வாராம். டார்லிங்டன் என்ற அறிஞரோடு சேர்ந்து 1945 இல் அவர் வெளியிட்ட பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு நூல், உலகெங்கும் பயிர் ஆய்வாளர்களின் மேசையில் இடம் பெற்றது. எந்தப் பயிருக்கு எத்தனை குரோமோசோம், அதன் தாயகம் எது என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். அட்டவணைதானே என்று சிலர் நினைக்கலாம். ஓர் எண்ணுக்குப் பின்னால் எத்தனை கூழான வேர்நுனிகள் இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

பிறகு விசிலி என்னுமிடத்தில் அரச தோட்டக்கலைக் கழகத்தில் 1951 வரை இருந்தார். அங்கே கோல்ச்சிசின் என்னும் நச்சுப் பொருளைச் செடிகளின் வளர்நுனியில் இட்டுச் சோதித்தார். செல் பிரியும்போது இரட்டித்த குரோமோசோம்களை இரு புறமும் இழுத்துச் செல்லும் இழைகள் உருவாகாமல் அது தடுத்துவிடும். எனவே ஒரே செல்லில் இரு மடங்கு குரோமோசோம்கள் தங்கிவிடும். இலை தடிக்கும், பூ பெருக்கும். அவர் அப்படி வளர்த்த மக்னோலியா நாற்றுகள் விசிலித் தோட்டத்தில் நடப்பட்டன. வெள்ளை இதழும் ஊதா மகரந்தத் தாளும் கொண்ட ஒரு வகை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

நேருவின் அழைப்பை ஏற்று 1951 இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். அலகாபாத்தில் மத்தியத் தாவர ஆய்வுக்கூடத்தின் இயக்குநர், சம்முவில் பணி, பம்பாய் டிராம்பேயில் சில காலம் என்று அடுத்த இருபது ஆண்டுகள் ஓடின. 1955 இல் அமெரிக்காவின் பிரின்சுடன் நகரில், மனிதன் இந்தப் பூமியை எப்படி மாற்றிவிட்டான் என்பது பற்றி நடந்த கருத்தரங்குக்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் அவர்தான். மறு ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. 1977 இல் பத்மஸ்ரீ விருது வந்தது. பட்டங்களை இவ்வளவோடு விடுகிறேன்.

நம் ஊருக்கு அருகில் நடந்த இன்னொன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு வாசலில் நின்றால் மேற்கே சிறுவாணி மலை தெரியும். அதைத் தாண்டினால் அட்டப்பாடி. அதற்கும் அப்பால் அமைதிப் பள்ளத்தாக்கு. அங்கே குந்திப்புழா ஆற்றின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கத் திட்டமிட்டபோது, 1970-களின் பிற்பகுதியில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. எண்பது வயதை ஒட்டியிருந்த அம்மையாரும் அதில் சேர்ந்து குரல் கொடுத்தார். அதோடு, அந்தக் காட்டு மரங்களின் குரோமோசோம்களை எண்ணவும் புறப்பட்டார்! திட்டம் கைவிடப்பட்டது. அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது 1984 நவம்பரில். அதற்கு ஒன்பது மாதம் முன்பே, பிப்ரவரி 7 ஆம் நாள், சென்னையை அடுத்த மதுரவாயலில் இருந்த ஆய்வு நிலையத்தில் அவர் காலமானார். வயது 86. கடைசி வரை ஆய்வு நடந்துகொண்டிருந்தது.

இதையெல்லாம் படித்துவந்த நாட்களில் எங்கள் வீட்டில் ஒரு பேச்சு நடந்தது. தை மாதம் மாமா ஒரு வரன் கொண்டுவந்தார். நல்ல இடம்தான், படிப்பை முடித்த கையோடு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். முதுநிலை படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதை வீட்டில் எடுத்துச் சொல்லத் தெரியாமல், ஒரு நாள் இரவு அப்பாவிடம் இந்த அம்மையாரின் கதையைச் சொன்னேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, கடைசிக் காலத்தில் அந்த அம்மாவுக்கு யார் துணை இருந்தார்கள், யார் சோறு போட்டார்கள் என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. அது தவறான கேள்வி என்றும் சொல்லிவிட முடியவில்லை. என் மேல் உள்ள அன்பில் எழுந்த கேள்வி அது. மறுநாள் நூலகத்தில் அதற்காகவே தேடிப் படித்தேன். உடன்பிறந்தோரின் பிள்ளைகள் அவரிடம் பாசமாக இருந்திருக்கிறார்கள். வீடு நிறையப் பூனைகள் வளர்த்திருக்கிறார். எளிய மஞ்சள் புடவை, குறைந்த தேவைகள். தன் வாழ்க்கையை விடத் தன் வேலையே நிற்கும் என்று எண்ணியவர் என்றும் எழுதியிருந்தார்கள். இவற்றை அப்பாவிடம் சொன்னேன். தனியாக இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, இன்னும் இரண்டு ஆண்டு படிக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன் என்பதையும் ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் மாட்டுக்குத் தட்டுப் போடப் போனார். ஆனால் மாமாவுக்குச் சொல்லியனுப்ப வேண்டிய மறுமொழி இன்றுவரை சொல்லியனுப்பப்படவில்லை. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவோ, கேட்காமல் இருப்பதே நல்லது என்கிறார்.

கொடைக்கானலில் ரோஜா இனங்களை உருவாக்கிய விஜயராகவன் அல்லர், வீரராகவன் என்று ஆசிரியர் என்னைத் திருத்திய தம்பதியர் இருவர், இந்திய மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்ற ரோஜாக்களுக்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர்கள். தாம் உருவாக்கிய ஒரு ரோஜாவுக்கு ஜானகி அம்மையாரின் பெயரை வைத்திருக்கிறார்கள். சென்ற வாரம் கவாத்து செய்த கிளைகளில் தளிர் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மாவிடம் இதைச் சொன்னேன். அந்தச் செடி நம் மண்ணில் பிடிக்குமா என்று கேட்டார். மலையில் பிறந்தது, சொல்ல முடியாது என்றேன். பன்னீர்க் கட்டைதான் இங்கே நன்றாக வேர் பிடித்து நிற்கிறதே, அதன் ஒரு கிளையில் ஒட்டிப் பார்க்கலாமே என்றார்.

மொட்டு ஒட்டுக் கட்ட எனக்கு இன்னும் தெரியாது. விடுமுறைக்கு முன் ஒரு நாள் கற்றுத் தருவதாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார். கத்தியை மட்டும் தீட்டி வைத்திருக்கிறேன்.